ராஜியின் முகத்தில் கல்யாணக் களை

நவம்பர் 27, வியாழன்

காலையில் பனிமூட்டம். எதிர் ஃபிளாட்டின் மொட்டை மாடியே தெரியவில்லை. கல்கத்தாவில் எங்கள் பெஹாலாவுக்குக் குளிர் வந்துவிட்டது. பரணிலிருந்து குரங்குக் குல்லா எடுக்க வேண்டும்.

ராஜிக்கு யூரின் டியூப் மாற்றுகிறவர் வந்து போனார். எனக்கு ஆபீஸ் அரை நாள் லீவு. கழற்றிய டியூபின் நுனியில் ஈர மணல் போல ஏதோ வெள்ளையாக ஒட்டியிருந்தது. வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "பௌதி தண்ணி குடிக்கிறது போதாது தாதா. இது சேர்ந்தா அடைச்சுக்கும்." தாதா நான், பௌதி ராஜி; அண்ணன், அண்ணி முறை. மற்றபடி சொன்னது இந்தியில். ராஜிக்கு நன்றாகவே புரியும். புரியாத மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இது எத்தனையாவது இன்ஃபெக்ஷன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். பழைய மாத்திரைக்கு எதுவும் கேட்பதில்லை. டாக்டர் மாற்றி மாற்றி எழுதுகிறார், நான் மாற்றி மாற்றி வாங்குகிறேன்.

வாங்க வேண்டியது:
காலில் கட்டுகிற பை
தோலை உரிக்காத பிளாஸ்டர்
லேக் மார்க்கெட்: வெற்றிலை, விரலி மஞ்சள், குங்குமம், தேங்காய்
மாலதி மாசிக்கு ஸ்வெட்டர் (ராஜியைப் பகலில் பார்த்துக்கொள்கிற ஆயா. கேட்கமாட்டாள், நாமாகத்தான் பார்த்துச் செய்ய வேண்டும்.)
புரோகிதருக்குப் போன். இரண்டு தடவை அடித்தும் எடுக்கவில்லை. பெரிய மனுஷன்.

மகள் நித்யாவுக்கு நிச்சயதார்த்தம் வருகிற ஞாயிறு விட்டு அதற்கடுத்த ஞாயிறு. தை பிறந்ததும் கல்யாணத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாமே என்றேன். மார்கழி குறுக்கே வருகிறது, எதற்கு அவசரம்? ராஜி கேட்கவில்லை. "தையில நான் எந்த ஆஸ்பத்திரில கெடப்பேனோ. இப்ப நல்லா இருக்கேன். இப்பவே தட்டு மாத்திடணும்."

போர்வையை எடுத்துப் போய் வெயிலில் போட்டேன்.

நவம்பர் 30, ஞாயிறு

நல்ல வெயில். மீன்காரன் மூன்று தடவை வந்து போனான். கார்த்திகையில் மீன் வாங்கமாட்டோம் என்று வருஷா வருஷம் அவனுக்குப் பாடம் எடுக்க வேண்டியிருக்கிறது.

இன்று ஒத்திகை!

ஆட்டோ கவிழ்ந்து முதுகெலும்பில் அடிபட்டது, வீல்சேரில்தான் இருக்கிறாள் என்பது வரை மாப்பிள்ளை கார்த்திக்குக்கும் சம்பந்தி வீட்டுக்கும் தெரியும். டியூப், பை விஷயம் தெரியாது. தெரியவே கூடாது என்பது ராஜி போட்ட உத்தரவு. நித்யா சண்டை போட்டாள். "மா, அவங்க ஒண்ணும் நினைக்கமாட்டாங்க. கார்த்திக் கிட்ட நானே சொல்லிடறேன். இதுல என்ன லஜ்ஜா?"

"உனக்கென்ன தெரியும். கால் வரலேன்னா அய்யோ பாவம்பாங்க. இதச் சொன்னா மூக்கப் பொத்துவாங்க."

நித்யா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். பெங்காலியில் ஏதோ முணுமுணுத்தாள். கோபம் வந்தால் அவளுக்கு அந்த பாஷைதான்.

வீல்சேரின் கீழே தொங்குகிற பெரிய பை வேண்டாம், கெண்டைக்காலில் கட்டுகிற சின்னப் பை என்று முடிவு. டியூப் தொடை வழியாக இறங்கும், மேலே பட்டுப் புடவை மூடிவிடும். கட்டிலில் படுக்க வைத்து நானும் மாலதி மாசியும் கட்டிவிட்டோம். "மாப்பிள்ளைக்கு வேட்டி கட்டிவிடற மாதிரி இருக்கு" என்றேன். ராஜி சிரித்தாள். வாய்விட்டு. ரொம்ப நாளாயிற்று.

பிறகு மடியில் தட்டு. தட்டில் தேங்காய், பழத்துக்குப் பதில் உருளைக்கிழங்கும் ஒரு சுரைக்காயும். நான்தான் சம்பந்தி அம்மா. வாங்கிக்கொண்டேன். "இப்பிடியா வாங்குவாங்க? குனிஞ்சு, ரெண்டு கையாலயும்" என்று திட்டு வாங்கினேன். ஒத்திகை ஐந்து நிமிஷம்கூட இல்லை. எல்லாம் சரியாக இருந்தது.

டிசம்பர் 3, புதன்

ஆபீசில் வேலை ஓடவில்லை. பயம்தான்.

போன துர்கா பூஜையின்போது டாக்குரியாவிலிருந்து வண்டியில் வந்தோம். பாதி வழியில் ராஜி "தல வெடிக்குதுங்க" என்றாள். முகம் செக்கச்செவேல். நெற்றியில் வியர்வை, கையெல்லாம் மயிர் கூச்செறிந்து நின்றது. பெட்ரோல் பங்கில் ஓரம் கட்டச் சொல்லிப் பார்த்தால், முழங்காலுக்கு அடியில் டியூப் மடங்கியிருந்தது. நிமிர்த்தினேன். பை நிறைந்தது, தலைவலி போயிற்று. அவ்வளவுதான். ஆனால் அன்று முழுக்க டியூபைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிஸ்சார்ஜ் ஆகும்போதே அந்த மலையாள சிஸ்டர் சொல்லியனுப்பியதுதான். மார்புக்குக் கீழே இவளுக்கு உணர்ச்சி இல்லை. மூத்திரப்பை நிரம்பி முட்டினாலும் தெரியாது. உடம்புக்குத் தெரியும். அது பி.பி.யை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்தும். தலைவலி, வியர்வை, முகச் சிவப்பு. "சேட்டா, முதல்ல டியூப் நோக்கணும். பின்னதான் டாக்டரை விளிக்கணும்."

அதனால் ராத்திரி சாப்பிடும்போது ராஜியோடு ஒப்பந்தம் போட்டேன். சபை நடுவில் தலைவலி என்று வாயால் சொல்லமாட்டாள், எனக்குத் தெரியும். வலது காதுத் தோட்டைத் தொட வேண்டும். தொட்டால் வீல்சேரைத் தள்ளிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விடுவேன்.

"தட்டு மாத்தறதுக்கு நடுவுல எழுந்து போனா அபசகுனம்."

"உன் தலையவிட சகுனம் பெருசா?"

"சரி, தொடறேன்."

டிசம்பர் 6, சனி

சண்டை. நேற்று சாயங்காலத்திலிருந்து தண்ணீர் குடிக்கவில்லையாம். பாட்டில் வைத்தது வைத்தபடி. கீழே ஹாலில் நாற்காலி போட்டுவிட்டு வந்தவன் அதைப் பார்த்துக் கத்திவிட்டேன். பை நிறையக் கூடாது, கனத்துப்போய்ப் புடவைக்குள் தெரியக் கூடாது, அதற்காக! பையில் இருந்ததோ தேநீர் நிறம்.

"மணல் மாதிரி வருதுன்னு சொன்னாரே, மறந்துட்டியா?"

"ஒரு நாளுங்க. ஒரே ஒரு நாள் மத்த பொம்பளைங்க மாதிரி உக்காந்துக்கறேனே."

அதற்கு மேல் எப்படிக் கத்துவது? ஒரு டம்ளர் குடிக்க வைத்தேன். மிச்சத்தை நாளைக்கு என்றாள்.

பூ வந்தாயிற்று. மல்லிகை இல்லை, ரஜனிகந்தாதான் நிறைய, நம் சம்பங்கி. கார்த்திக்கின் அப்பா, அம்மா, சித்தி திருச்சியிலிருந்து வந்து நியூ டவுனில் அவன் ஃபிளாட்டில் இறங்கிவிட்டார்கள்.

டிசம்பர் 9, செவ்வாய்

ஆஸ்பத்திரி. ஐ.சி.யு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி. எழுதிவிட்டால் மண்டைக்குள் ஓடுவது நிற்குமோ என்று எழுதுகிறேன்.

ஞாயிறு காலை எல்லாம் நன்றாகத்தான் தொடங்கியது. அரக்குப் பட்டு. தலை நிறையப் பூ. சம்பந்தி அம்மா வாசலிலிருந்து நேராக ராஜியிடம் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பாதாம்பாலைத் தன் கையாலேயே கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல முடியுமா? நாக்கு வறண்டு கிடந்தவள் மடமடவென்று குடித்தாள். இன்னொன்று. அப்புறம் காபி.

புரோகிதர் தாமதம். வந்தும் அவசரமில்லை. பிள்ளையார் பூஜை, ஊர்க் கதை, மறுபடி பூஜை. தட்டைக் கீழே வைக்கச் சொன்னார். "மடியிலயே இருக்கட்டும் சாமி, எனக்குக் கீழ எட்டாது" என்றாள். தேங்காய், ஆப்பிள், சாத்துக்குடி, கல்கண்டு, கார்த்திக்குக்கு எடுத்த பட்டு வேட்டி. உருளைக்கிழங்கு இல்லை இது. நிஜத் தட்டு. எல்லாக் கனமும் தொடை மேல். ஒத்திகை மாதிரி ஐந்து நிமிஷம் அல்ல. பத்திரிகை வாசித்து முடிக்கிற வரை.

அவளுக்கு அந்தக் கனம் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முகம் மெல்லச் சிவந்தது. நெற்றியில் பொட்டுப் பொட்டாக ஒரு மினுமினுப்பு. பின்னால் நின்ற மாலதி மாசி என் காதில் சொன்னாள்: "பௌதிகே கீ ஷுந்தொர் லாக்சே!" எவ்வளவு அழகாக இருக்கிறாள் பார் என்று. கார்த்திக்கின் சித்தி சத்தமாகவே சொன்னார். "கல்யாணக் களை பொண்ணுக்கு வரும்னு பாத்தா, அம்மாவுக்கு வந்திருக்கே!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டு வருஷமாக வெளிறிக் கிடந்த முகம். அது அப்படி ஜொலித்தால் நான் சந்தோஷம் என்றுதானே நினைப்பேன்?

அப்போது வலது கை மேலே போனது. காது வரை. எழப்போனேன். விரல் தோட்டைத் தாண்டிப் போய்ப் பூவைச் சரிசெய்துவிட்டு இறங்கியது. கண்ணால் கேட்டேன். இல்லை என்று தலையசைத்தாள். அசைத்தபோது முகம் ஒரு துளி சுளித்தது. பார்த்தேன். பார்த்துவிட்டுப் புரோகிதர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தட்டு மாற்றினார்கள். குனிந்து, இரண்டு கையாலும். "இனிமே எங்க நித்யா உங்க பொண்ணு" என்று ராஜி கணீரென்று சொன்னாள். கைதட்டல்.

பிறகு என் பக்கம் திரும்பி "தல" என்றாள். அவ்வளவுதான்.

மண்டியிட்டுப் புடவையைத் தூக்கினேன். சபை, சம்பந்தி, எதுவும் கண்ணில் இல்லை. தட்டின் விளிம்பு இருந்த இடத்தில் டியூப் இரண்டாக மடிந்து நசுங்கிக் கிடந்தது. நிமிர்த்தியதும் பை என் கண்ணெதிரே உப்பியது. ஹாலில் எல்லாருக்கும் தெரிந்தது. எதை மறைக்க அவ்வளவு பாடுபட்டாளோ அது.

சம்பந்தி அம்மா ஒரு நொடி யோசிக்கவில்லை. தட்டிலிருந்து நித்யாவுக்குக் கொண்டுவந்த பட்டுப் புடவையை எடுத்து, மடிப்பைப் பிரித்து உதறி, ஒரு முனையைத் தங்கையிடம் கொடுத்துத் திரை போலப் பிடித்தார். "ஆம்பளைங்க எல்லாம் வெளிய போங்க!" அவர் மூக்கைப் பொத்தவில்லை, ராஜி. யாரும் பொத்தவில்லை.

சிவப்பு இறங்கியது. "சரியாயிடுச்சு, ஒண்ணுமில்ல" என்று நான்தான் சொன்னேன். பிறகுதான் பார்த்தேன். வாய் ஒரு பக்கம் தொங்கியிருந்தது.

டிசம்பர் 12, வெள்ளி

குளிர். கேன்டீன் தேநீர் வெந்நீர்.

மூளையில் இடது பக்கம் ரத்தக் கசிவு. உயிருக்கு ஆபத்து தாண்டிவிட்டதாம். வலது கை வராது. பேச்சு வரலாம், வராமலும் போகலாம். நாம் சொல்வது புரியும்.

கால் போனதும் "வாயும் கையும் இருக்குல்ல, போதும்" என்று சொன்னவள் அவள். அந்த வாயால்தான் வீட்டை நடத்தினாள். படுத்துக்கொண்டே சாம்பாருக்கு உப்புப் போதாது என்பாள், வாசனையை வைத்தே.

டாக்டருக்கு நம் நித்யாவின் வயசுதான் இருக்கும், என்னைச் சித்தப்பா முறையில் காக்கு என்கிறாள். எதனால் என்று கேட்டேன். தட்டா? தண்ணீர் குடிக்காததா? டியூபில் சேர்கிற அந்த மணலா? ஒரேயடியாகக் குடித்த பாலா?

"எல்லாமும்தான் காக்கு. ஒண்ணு மட்டும்னு பிரிச்சுச் சொல்ல முடியாது."

எனக்கு ஒரே ஒரு காரணம் வேண்டும். கிடைத்தால் அதைத் திட்டித் தீர்ப்பேன். கிடைக்காததால் அவளைத் திட்டுகிறேன், மனசுக்குள். ஏன்டி தோட்டைத் தொடவில்லை? தொடத்தானே கை வந்தது? பாதியில் ஏன் மாற்றினாய்? அப்புறம் என்னைத் திட்டிக்கொள்கிறேன். அதுவும் போதவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

சம்பந்தி அம்மா திருச்சி போகவில்லை. ரயில் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு ரசம் சாதம் கொண்டுவந்தார். வாசலில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். டப்பாவைத் திறந்து என் கையில் கொடுத்தார். பிறகு:

"எங்க மாமனாருக்குக் கடைசி காலத்துல டியூப்தான். நான்தான் பையக் கொட்டுவேன், கழுவுவேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அண்ணா?"

டப்பாவில் ஸ்பூனைப் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தேன்.

குடும்ப குரூப்பில் போட்டோ வந்திருக்கிறது. தட்டு மாற்றுவதற்குக் கொஞ்சம் முன்னால் எடுத்தது. ராஜி மடியில் தட்டோடு நேராகப் பார்க்கிறாள். கன்னம் சிவந்து, நெற்றி மின்னி, உதட்டில் சிரிப்பு. விஷயம் தெரியாத தூரத்து உறவெல்லாம் இதயம் இதயமாக அனுப்புகிறார்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். முழங்கையில் மயிர் கூச்செறிந்து நிற்கிறது.

இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு அழகாக விழுந்த படம் வேறு இல்லை. வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, அழிக்கவும் முடியவில்லை.

டிசம்பர் 23, செவ்வாய்

வீட்டுக்கு வந்தாயிற்று. ஆம்புலன்ஸில் வரும்போது வழியெல்லாம் கிறிஸ்துமஸுக்குப் பார்க் ஸ்ட்ரீட் போகிற கூட்டம், சீரியல் விளக்கு. ராஜி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

புறப்படும்போது சிஸ்டர் ஒரு கேள்வி கேட்டார். முன்பு டியூப் அடைத்தால் தலைவலி என்று இவர் சொல்வார். இனி எப்படித் தெரியும்? வலி சொல்ல வாய் இல்லை, தோட்டைத் தொடக் கை இல்லை. இடது கை இருக்கிறது, ஆனால் அதைச் சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்துக்குக் கொண்டுபோக இன்னும் பழகவில்லை. எனவே முகம்தான். சிவப்பு, மினுமினுப்பு, வியர்வை. அதைப் பார்த்தால் உடனே டியூப்.

மாலதி மாசிக்கு நாலு தடவை சொன்னேன். பௌதி முகம் வழக்கத்தைவிட நன்றாக இருந்தால் என்னைக் கூப்பிடு. நன்றாக இருந்தால்! மாசி தலையை ஆட்டினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வாங்கியது: பி.பி. மெஷின். பெரிய பை, கட்டிலில் தொங்கவிட. மறைக்க இனி ஒன்றுமில்லை.

டிசம்பர் 30, செவ்வாய்

வெயிலே இல்லை. டியூப் மாற்றினார்கள். பரவாயில்லை, சுத்தமாக இருந்தது. தண்ணீர் நான் சொல்கிற அளவு குடிக்கிறாள், இப்போது மறுக்க வழியில்லை.

முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பேப்பர் படிக்கும்போது, சாப்பிடும்போது. கல்யாணமான புதிதில்கூட இப்படிப் பார்த்ததில்லை. அவளுக்குப் பிடிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். சுவர்ப் பக்கம் போய் நின்று பார்க்கிறேன்.

ஜனவரி 15, வியாழன்

தைப் பொங்கல். கேஸ் அடுப்பில் குக்கர் பொங்கல். கரும்பு கிடைத்தது, மஞ்சள் கொத்து கிடைக்கவில்லை. ராஜிக்குக் கரைத்து ஸ்பூனில் கொடுத்தேன். ஒரு வாய் விழுங்கிவிட்டுப் புருவத்தைத் தூக்கினாள். வெல்லம் போதாது. நித்யா உள்ளே ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். மூன்று பேரும் கொஞ்ச நேரம் நன்றாக இருந்தோம்.

கல்யாணம் இங்கேயே, கோயிலில், சின்னதாக. சம்பந்தி அம்மாதான் முடிவு செய்தார். "அண்ணி கண் முன்னாடி நடக்கணும்" என்றார்.

ஜனவரி 18, ஞாயிறு

வெயில் வந்தது. துணி காய்ந்தது. சமையலறையில் நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

உள்ளேயிருந்து மாலதி மாசியின் குரல். "தாதா! பௌதிகே ஆஜ் கீ ஷுந்தொர் லாக்சே!"

கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். அறையில் யார் இருக்கிறார்கள், என்ன நடக்கிறது, எதையும் பார்க்கவில்லை. முகம் சிவந்திருந்தது, கண் மின்னியது, அது மட்டும் தெரிந்தது. போர்வையை இழுத்துக் கீழே போட்டேன். நைட்டியைத் தூக்கினேன். டியூபை மேலிருந்து கீழே தடவிப் பார்த்தேன், மடிப்பில்லை. பையை அமுக்கினேன், இறங்குகிறது. பி.பி. மெஷினைக் கையில் சுற்றினேன். "எங்க வலிக்குது, தலையா, தலையா?" என்று கத்திக்கொண்டே இருந்தேன். மெஷின் எண் காட்டியது. சரியாக இருந்தது. எல்லாமே சரியாக இருந்தது.

"அப்பா" என்றாள் நித்யா.

அப்போதுதான் திரும்பினேன். கட்டிலுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்குத் திரையாகப் பிடித்த அந்தப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குச் சரியாக இருக்கிறதா என்று அம்மாவிடம் காட்ட வந்திருக்கிறாள். ராஜி அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். வேறொன்றுமில்லை.

திரும்பி ராஜியின் முகத்தைப் பார்த்தேன். களை போயிருந்தது. நித்யாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. இடது கையை மெதுவாக நீட்டி, நழுவி நழுவி, நைட்டியின் ஓரத்தைப் பிடித்து, இழுத்து, டியூபை மூடிக்கொண்டாள்.